வாசல் கீழ்ப்பக்கம்

எங்கள் கட்டடத்தில் பத்து வீடுகள், எழுபத்திரண்டு படிகள். லிஃப்ட் இல்லை. முற்றத்தில் ஒரு யூகலிப்டஸ் மரம், அதில் அர்ஜென்டினாக் கிளிகள் ஏறக்குறைய முப்பது. படி இறங்க முடியாத ஆள் ஒருவர். அவர் என் அப்பா.

அப்பா பெயர் ஃபெர்மின். வயது ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருடம் சமையலறை மேடைகளுக்குக் கல் அறுத்தார். எங்கள் மாலகா நகரத்தில் கடல் தெரிகிற வீடுகளில் பாதிச் சமையலறைகளில் அவர் அறுத்த கல் இருக்கிறது. அதன் தூசி அவர் நுரையீரலில் இருக்கிறது. இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாலாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நாலு வருடமாக. மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில் இரண்டு ஆட்கள் வந்து அவரை நாற்காலியோடு கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் சுவரில் இடிக்கும். அப்பா கண்ணை இறுக மூடிக்கொள்வார். பயத்தினால் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்ப்பதைப் பார்க்க வேண்டாமே என்று.

கிளிகள் முற்றத்து மரத்தில் குடியேறியதும் அப்பா வீட்டோடு முடங்கியதும் ஒரே வசந்தத்தில். மற்ற கிளிகள் பொந்து தேடும். இதுகள் குச்சி குச்சியாகக் கொண்டுவந்து கட்டும். முதல் குச்சியிலிருந்து அப்பா பார்த்தார். மேலிருந்து பார்த்தால் யாரோ விறகுக் கட்டை மரத்தில் மாட்டிவைத்த மாதிரி இருக்கும். இப்போது அது நூறு கிலோவுக்கு மேல்.

"இன்னைக்கு ஒண்ணு தன்னைவிட நீளமான குச்சியைத் தூக்கிட்டு வந்துச்சு அசாரா. மூணு தடவை கீழ போட்டுது, மூணு தடவையும் எடுத்துட்டு வந்துச்சு. நம்ம மேஸ்திரியா இருந்தா நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு வேற குச்சி எடுத்திருப்பான்" என்பார். அவருடைய தினசரிச் செய்தி இதுதான்.

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள். உயிரியலில் பட்டம், அதற்குமேல் ஒரு முதுகலை. அம்மா என்கார்னி ஹோட்டல் குளியலறைகளைத் தேய்த்த முதுகின் மேல் ஏறி நின்று வாங்கிய காகிதங்கள் அவை. எனக்கு ஆய்வுக்கூடம் கிடைக்கும் என்று நினைத்தேன். மஞ்சள் சட்டையும் பைனாகுலரும் கிடைத்தன. ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. நகரத்தில் எந்த மரத்தில், எந்தக் கம்பத்தில் அர்ஜென்டினாக் கிளி கூடு கட்டியிருக்கிறது என்று எண்ணி, அகற்ற வேண்டியதைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஆம், அகற்றத்தான். இதில் எனக்குக் குழப்பம் கிடையாது. இந்தப் பறவைகள் இங்கே பிறந்தவை அல்ல. கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து கடையில் விற்றார்கள். காலையில் ஆறு மணிக்குக் கத்த ஆரம்பித்ததும் வாங்கினவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஊர் முழுக்க அவைதான். ஒரு பள்ளிக்கூட வாசலில் கூடு அப்படியே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் யாரும் சாகவில்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த, குதிரை வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் "ஐயோ பாவம், பச்சைப் பசேல்னு எவ்ளோ அழகு" என்பார்கள். அவர்கள் தலைமேல் நூறு கிலோ தொங்கவில்லை.

சரி, லிஃப்ட் விஷயம். கட்டடக் கலைஞர் வந்து அளந்து பார்த்தார். படிக்கட்டு குறுகல், உள்ளே வைக்க வழியில்லை. முற்றத்தில் வெளிச்சுவரை ஒட்டி ஒரு கோபுரம் எழுப்பலாம். சரியாக யூகலிப்டஸ் நிற்கிற இடத்தில். மரம் போக வேண்டும், அதோடு கூடும்.

லிஃப்டுக்குப் பத்து வீட்டில் ஆறு வீடு சம்மதிக்க வேண்டும். கீழ்த்தளத்து இரண்டு வீடும் தோன் லெயான்ட்ரோவுடையவை; தோன் என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கும் மரியாதைச் சொல். முதல் மாடி வீடுகள் இரண்டையும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுத் தலைநகர் மத்ரீத்தில் இருக்கும் ஆட்கள், தங்கள் ஓட்டை அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் பக்கம் நாலு, இந்தப் பக்கம் ஆறு. ஜெயிக்கலாம், ஒருவர்கூட அசையாமல் இருந்தால். ஆனால் தோன் லெயான்ட்ரோவுக்கு ஆட்களை அசைக்கத் தெரியும். முப்பது வருடம் காப்பீடு விற்றவர். மூன்று கூட்டங்களில் மூன்று முறை, சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை பேசிப் பேசி, யாராவது ஒருவரை "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்று சொல்ல வைத்துவிட்டார்.

இந்த முறை அவர் புது ஆயுதம் எடுத்தார். ஒரு காலை கட்டட வாசலில் கிளியின் வண்ணப் படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'நம் முற்றத்துத் தோழர்களைக் காப்போம். கூட்டைக் கலைக்காதீர்!'

நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் கதவைத் திறந்தார். நாலு வருடமாக ஜன்னல் வெய்யில் துணியில் எச்சம் விழுகிறது என்று துடைப்பக் கட்டையால் மரத்தை அடித்த மனிதர். சான் குவான் திருவிழாவில் கூட்டைப் பார்த்து வாணம் விட்ட மனிதர்.

"பாத்தியா அசாரா? நீ உயிரியல் படிச்ச புள்ள. உனக்கே இரக்கம் இல்லைன்னா எப்படி?"

"உங்களுக்கு எப்ப வந்துச்சு தோன் லெயான்ட்ரோ இரக்கம்? லிஃப்ட் செலவு எவ்வளவுன்னு பேப்பர் வந்த அன்னைக்கா?"

"வாயைப் பாரு. அஞ்சாறு வருஷம் படிச்சு கிளி எண்ணுற வேலைக்குத்தான் போயிருக்க. அதையும் ஒழுங்கா எண்ணுறியோ என்னவோ."

"உங்க வீட்டு முன்னாடி எண்ணுனது சரியா இருக்கு. முப்பது கிளி, ஒரு நரி."

அம்மா மேலிருந்து "அசாரா, மேல வா!" என்று கத்தினாள். மேலே போனதும் திட்டினாள். அம்மாவுக்குச் சண்டை பிடிக்காது. அதைவிட, அந்த வருடம் கட்டடத் தலைவர் அவள்தான். எங்கள் ஊரில் அந்தப் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வீட்டு எண் வரிசைப்படி தலையில் வந்து விழும், ஒரு வருடம் சுமக்க வேண்டும்.

உண்மையான தடை தோன் லெயான்ட்ரோ அல்ல. அப்பா.

"நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். "எனக்காக அதுகளைத் துரத்தாதீங்க."

வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஓட்டு ஒன்றுதான். அப்பா வேண்டாம் என்றால் அம்மா கை தூக்க மாட்டாள். ஆறு ஐந்தாகிவிடும்.

"அப்பா, அது கிளி."

"தெரியுது."

"நீங்க மனுஷன்."

"அதுவும் தெரியுது. நாலு வருஷமா என்னைப் பாக்க தினமும் வந்தது யாரு? கல் கம்பெனி முதலாளி வந்தானா? யூனியன்காரன் வந்தானா? நான் கண் முழிக்கிறப்ப அதுங்க இருந்துச்சு. இப்ப நான் கீழ இறங்கி ஒரு காபி குடிக்கணும்ங்கிறதுக்காக அதுங்க வீட்டை இடிக்கவா? வீட்டை விட்டு வெளிய தள்ளுறவனை நம்ம தெருவுல என்ன பேர் சொல்லிக் கூப்புடுவோம்னு உனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. லெயான்ட்ரோ மேல் கோபப்படுவது சுலபம். மூச்சுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பேசுகிற ஆளிடம் எப்படிக் கத்துவது? கதவைச் சாத்திக்கொண்டு என் அறைக்குப் போனேன். மேஜைமேல் வேலைக் குறிப்பேடு கிடந்தது. அதையே முறைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"இதைப் பாருங்க" என்றேன். "இதை நான் யார்கிட்டயும் காட்டுனதில்ல. மேலதிகாரிகிட்டகூட இவ்ளோ பச்சையா சொன்னதில்ல."

இரண்டு வருடத்தில் நான் குறித்துக் கொடுத்து அகற்றிய கூடுகள் பதினேழு. ஒவ்வொன்றையும் எடுத்த தேதி, இடம். பக்கத்திலேயே என் கையெழுத்தில் இன்னொரு குறிப்பு. பூங்கா தேவதாரு மரத்தில் எடுத்தது, ஐந்து வாரத்தில் எதிர்த் தெருப் பேரீச்ச மரத்தில். பள்ளிக்கூட வாசலில் எடுத்தது, இருபத்திரண்டு நாளில் மின்கம்பத்தில். கல்லறைச் சுவரோரம் எடுத்தது, அதே மரத்தில், ஒரு கிளை தள்ளி. பதினேழில் பதினாலு திரும்ப எழுந்திருந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார்.

"அப்ப நீ எடுக்கச் சொல்லுறதெல்லாம்..."

"வீண். என் வேலையே தோல்விதான்பா. நான் நல்லாச் செஞ்சாலும் தோல்விதான். அதுங்க எங்கயும் போகாது. நானூறு அடி தள்ளிப் போய்த் திரும்பக் கட்டும். நீங்கதான் அப்படிக் கட்ட முடியாது. உங்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு, அது அந்தச் செவுத்தோரமா வருது."

அவர் குறிப்பேட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். ஆக்சிஜன் இயந்திரம் புஸ் புஸ் என்றது.

"குஞ்சு இருக்கப்ப செய்யக் கூடாது" என்றார் கடைசியில்.

"நவம்பர்ல. எல்லாம் பறக்க ஆரம்பிச்சப்புறம். நான் பக்கத்துல நிப்பேன்."

"பதினேழுல பதினாலுன்னா," அப்பா கண்ணாடியைக் கழற்றினார், "உன்னை இன்னும் வேலைல வச்சிருக்கானுங்களே, அதுதான் ஆச்சரியம்."

சம்மதம் என்று புரிந்துகொண்டேன்.

கூட்ட அறிவிப்பை வாசலில் ஒட்டும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இந்த ஊரில் எல்லாக் கட்டடக் கூட்ட அறிவிப்பும் ஒரே மாதிரி இருக்கும். முதல் அழைப்பு ஏழு மணி, இரண்டாம் அழைப்பு ஏழரை. முதல் அழைப்பில் கூட்டம் நடக்க வேண்டுமானால் பாதிக்குமேல் ஆட்கள் இருக்க வேண்டும். ஏழரைக்கு எத்தனை பேர் இருந்தாலும் போதும். அதனால் யாரும் ஏழுக்கு வருவதில்லை. என் இருபத்தாறு வருட வாழ்க்கையில் முதல் அழைப்புக்கு ஒரு மனிதர் வந்து நான் பார்த்ததில்லை. ஏழு என்பது தாளில் மட்டும் அடிக்கிற மணி.

ஆனால் தாளில் இருக்கிறது.

எதிர்வீட்டு திரினியிடம் முதலில் சொன்னேன். அவள் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். "ஏழுக்கா? ஏழு மணிக்கு ஏழுக்கேவா?" என்றாள், ஏதோ ஆபாசமாகக் கேட்டுவிட்ட மாதிரி. பிறகு புரிந்து, கையில் இருந்த சீப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் மாடியில் ஹிஷாம். கடலுக்கு அந்தப் பக்கம் தெத்துவானிலிருந்து வந்து இருபது வருடமாக மீன் கடை நடத்துகிறவர்.

"மரம் போனா ஆகஸ்ட்ல என் வீடு அடுப்பாயிரும் மகளே" என்றார்.

"ஆமா, ஆயிரும். பொய் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "உங்கப்பா எனக்குக் கடை மேடை போட்டுக் கொடுத்தாரு. ஒரு பைசா வாங்கல. ஏழுக்கு வர்றேன்." இரண்டாம் மாடி எதிர்வீட்டு ஆசிரியையும் மூன்றாம் மாடித் தம்பதியும் சரி என்றார்கள். மூன்றாம் மாடியில் இன்னொரு வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். அவர் திரினிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னும் ஒரு ஆள் வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதும் நிர்வாகி. அவரும் ஏழரை ஆள்தான். அம்மா போன் செய்தாள். "ஃபெர்மினுக்குக் கீழ வர முடியாது. ஓட்டை எழுதி வாங்கிக்க நீங்கதான் மேல வரணும். ஆறரைக்கே வந்துருங்க, இனிப்பு ரோஸ்கோ சுட்டு வைக்கிறேன்." சண்டை பிடிக்காத பெண் என்று சொன்னேன். தந்திரம் தெரியாத பெண் என்று சொல்லவில்லை.

அக்டோபர் மாத மாலை. நிர்வாகி கோட்டு போட்டுக்கொண்டு எழுபத்திரண்டு படி ஏறி வந்து, வாசலில் நின்று, பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார்.

"தம்பி, என் குழாய் கொஞ்ச நேரம் வேணுமா?" என்றார் அப்பா.

அந்த ஆள் முகம் சிவந்து போனது. கையெழுத்து வாங்கினார், ரோஸ்கோ தின்றார், இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்றார். அதன்பிறகு அவரிடம் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழு மணிக்கு நாங்கள் வாசல் கூடத்தில் தபால் பெட்டிகளுக்குக் கீழே நின்றோம். எதிர் பாரில் தோன் லெயான்ட்ரோ பீரோடு உட்கார்ந்திருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. ஐந்து நிமிடம் முன்னால்தான் ஹிஷாம் அவரைத் தாண்டி வந்திருந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'இன்னும் அரை மணி இருக்கே, ஒண்ணு குடிச்சிட்டுப் போ'ன்னாரு. நான் குடிக்க மாட்டேன்னு இருபது வருஷமா அவருக்குத் தெரியாது."

"முதல் அழைப்பு" என்றாள் அம்மா. விரல்விட்டு எண்ணினாள். "ஆறு வீடு இருக்கு. போதும்தானே?"

"போதும்" என்றார் நிர்வாகி.

கை தூக்கினோம். மரத்துக்குப் பதிலாக முற்றத்தின் அந்தப் பக்கம் இரண்டு ஆரஞ்சுக் கன்று வைக்க வேண்டும் என்று ஹிஷாம் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டார்கள். ஏழு பதினான்குக்கு அம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஏழு இருபத்தைந்துக்கு தோன் லெயான்ட்ரோ கோப்போடு உள்ளே வந்தார். கோப்புக்குள் கிளிப் படங்கள்.

"என்ன எல்லாரும் சீக்கிரமா வந்துட்டீங்க?"

"நீங்கதான் லேட்டு" என்றாள் திரினி. "முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சுது? எப்படி முடியும்? கூட்டம் ஏழரைக்கு!"

"ரெண்டாவது அழைப்புதான் ஏழரைக்கு, தோன் லெயான்ட்ரோ" என்றார் நிர்வாகி. "அறிவிப்பு கிடைச்சுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஏழுன்னு முதல்ல போட்டிருக்கு."

"யாருய்யா ஏழுக்கு வருவாங்க?" அவர் சத்தம் உடைந்தது. "இந்த நாட்டுல எவனாவது ஏழுக்கு வருவானா?"

திரினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஹிஷாம் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் எல்லோரும். தோன் லெயான்ட்ரோ கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு நொடி பாவமாக இருந்தது. ஒரே ஒரு நொடி.

நவம்பரில் கூட்டை இறக்கினார்கள். சொன்னபடி நான் பக்கத்தில் நின்றேன். முப்பது கிளிகளும் முற்றத்துக்கு மேலே வட்டமடித்துக் கத்தின. அந்தச் சத்தத்துக்கு எந்தப் பட்டமும் உதவாது. மறுநாள் மரத்தை வெட்டினார்கள். அப்பா ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. குறிப்பேட்டில் பதினேழில் பதினாலு என்றுதானே எழுதியிருந்தது? மூன்று எழவே இல்லை. இதுவும் அந்த மூன்றோடு சேர்ந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். "அசாரா! கேளு!"

கேட்டது. கரகரவென்று, சங்கிலியை இழுக்கிற மாதிரி. சமையலறைப் பக்கம், கட்டடத்துக்குப் பின்னாலிருந்து.

"எங்க இருக்கு? எங்க கட்டுதுங்க?"

அன்று சாயங்காலமே நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை.

"சொல்லுடி. படம் எடுத்துக் காட்டு."

"மாட்டேன். கீழ வந்து பாருங்க."

"கொடுமைக்காரி. அம்மா மாதிரியே."

குளிர்காலம் முழுக்க, வசந்தம் முழுக்கக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கோபுரத்துக்குக் குழி தோண்டினார்கள், இரும்புச் சட்டம் நிறுத்தினார்கள், மூன்று மாதம் ஏதோ ஒரு பாகம் வரவில்லை என்று சும்மா கிடந்தது. ஆகஸ்டில் வெயில் நேராக முற்றத்தில் விழுந்தது. ஹிஷாம் என்னைப் பார்த்தபோதெல்லாம் நெற்றியைத் துடைத்துக் காட்டுவார். செப்டம்பரில் லிஃப்ட் ஓடியது. அதில் முதலில் ஏறியவர் தோன் லெயான்ட்ரோ, மொட்டைமாடியில் சட்டை காயப்போட.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மா தலை வாரிவிட்டாள். சக்கர நாற்காலி, தோள்பை போன்ற சின்ன ஆக்சிஜன் உருளை, நான். கதவு மூடியது. மாடி எண்கள் இறங்கின. அப்பா கண்ணை மூடவில்லை.

கட்டடத்தைச் சுற்றிப் பின்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பேட்டைக் கால்பந்து மைதானம். அதன் மூலையில் விளக்குக் கம்பம், உச்சியில் நாலு பெரிய விளக்குகள், அவற்றுக்கு இடையே குச்சி மலை. நேராக அதன் அடியில் நாற்காலியை நிறுத்தினேன்.

அப்பா அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தே இருந்தது.

"வாசல் கீழ்ப்பக்கம் இருக்கு!"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அடியில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சாம்பல் நெஞ்சு, ஒரு அலகு. ஒன்று எட்டிப் பார்த்து எங்களைத் திட்டியது. நாலு வருடம் அப்பா மேலிருந்து கூரையை மட்டும் பார்த்திருக்கிறார். எனக்கு அது தெரிந்த விஷயம். மிகவும் தெரிந்ததால் ஒருநாள்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

"எங்கடா உள்ள போகுதுங்கன்னு நாலு வருஷமா மண்டையைப் பிச்சுக்கிட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும், அடுத்த நிமிஷம் இருக்காது" என்றார். "குறிச்சிட்டியா இதை?"

"குறிச்சிட்டேன். கூடு இருநூத்திப் பன்னெண்டு. ஒன்பது வாசல்."

"அப்ப எடுத்துருவாங்க."

"எடுப்பாங்க. விளக்குக் கம்பம்பா, சும்மா விட முடியாது. இந்தக் குளிருக்கோ அடுத்த குளிருக்கோ."

"அப்புறம் வேற எங்கயாவது போய்க் கட்டும்."

"கட்டும்."

"அப்ப நாம தேடணும்" என்றார்.

நாம என்றார். நான் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தேன்.

அவர் மெதுவாக, மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, விரலை மேலே நீட்டி எண்ணினார். நாற்காலியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். இன்னும் கொஞ்சம். கம்பத்துக்குப் பின்னால் விளக்கின் நிழலில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"பத்து" என்றார். "எண்ணத் தெரியாமலா உனக்கு ரெண்டு பட்டம் குடுத்தானுங்க?"

நான் குறிப்பேட்டை எடுத்து ஒன்பதை அடித்தேன்.